டெல்ஃபினிடம் நாய் வாங்கினவர்கள்

என் தங்கை மகள் டெல்ஃபினைப் பற்றிச் சொல்லச் சொன்னால், அவளிடம் நாய்க்குட்டி வாங்கினவர்களை முதலில் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அவளையும் திட்ட வேண்டியிருக்கிறது. அது பிறகு.

டெல்ஃபின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். டொஹாச்சி ஊருக்கு மேலே மலையடிவாரத்து மண் சாலையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மழை பெய்த மறுநாள் எந்தத் திருப்பத்தில் சக்கரம் சறுக்கும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி, இருக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆடுகள். ஆடுகளோடு நாய்கள். புருஷன் ரயில் பாதை வேலைக்காக எங்கெங்கோ போய்க் கிடப்பான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், தூங்குவான், நாய்கள் தன்னைப் பார்த்துக் குரைப்பதாகக் குறைப்பட்டுக்கொள்வான்.

அந்த நாய்கள் அப்படித்தான். அவளுடைய அம்மா காலத்திலிருந்து வருகிற வம்சம். பார்க்க ஒன்றும் அழகில்லை. புலிக்கோடு போட்ட தோல், பெரிய தலை, எந்த ஜாதி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆட்டை விட்டு அசையாது. குட்டி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதும் பட்டிக்குள்ளே ஆட்டுக்குட்டிகளோடு விட்டுவிடுவாள். அங்கேயே தின்னும், அங்கேயே உறங்கும். யாரும் தூக்கக் கூடாது, தடவக் கூடாது, கொஞ்சக் கூடாது. மனிதர் கை வாசனை பழகிவிட்டால் நாய் ஆட்டை விட்டுவிட்டு ஆளின் பின்னால் வந்துவிடும். கை படாமல் வளர்ந்தால் ஆடுகள்தான் தன் கூட்டம் என்று நினைத்துக்கொள்ளும். கயோட்டி நரி வந்தால் அது தன் வீட்டுக்கு வந்த சண்டை.

ஒரு வருஷம் ஓர் ஈற்று முழுவதும் போயிற்று. குட்டி பார்க்க வந்த ஒருவர், தன் வீட்டில் நாய் செத்த முற்றத்தை மிதித்த பூட்ஸோடு அப்படியே பட்டிக்குள் இறங்கியிருக்கிறார். பார்வோ நோய். ரத்தமாய்க் கழிந்து, வாந்தி எடுத்து, எல்லாம் போய்ச் சேர்ந்தன. அந்த விஷம் மண்ணிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்குமாம். அதிலிருந்து டெல்ஃபின் தன் கேட்டுக்குள் யாரையும் விடுவதில்லை. பிளீச்சிங் கரைத்த தொட்டி ஒன்று கேட்டில் இருக்கும். அதில் காலை நனைக்காமல் அவள் புருஷன்கூட உள்ளே போக முடியாது.

அதனால் குட்டிகளைச் சனிக்கிழமை கேலப் டவுன் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பாள். பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைக் கழுவி, உயரமான பெட்டியில் குட்டிகளை வைப்பாள். கீழே இறக்க மாட்டாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

"ஒரு ஊசிதான் போட்டிருக்கு. இன்னும் ரெண்டு இருக்கு, அது உங்க பொறுப்பு. ஊசி முடியற வரைக்கும் வேற நாய் போன இடத்துல விடாதீங்க. இந்தச் சந்தையில தரையில விடவே விடாதீங்க. வீட்டுக்குப் போற வழியில டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போங்க. ஏதாவது கோளாறுன்னா உடனே எனக்குச் சொல்லுங்க, குட்டியை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு பெரியவர் மட்டும் வாயைத் திறந்தார்.

"எங்க தாத்தா காலத்துல நாய்க்கு ஊசியா போட்டாங்க?"

"அவர் காலத்துல ஒரு ஈத்துல எத்தனை குட்டி நின்னுச்சுன்னு அவரைக் கேட்டீங்களா, மாமா?"

"அவர் எங்க இருக்கார் கேக்கறதுக்கு."

"குட்டியும் அப்படித்தான் போச்சு."

அவர் சிரித்துக்கொண்டே குட்டியை வாங்கிப் போனார். ஊசி போட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

போன கோடையில் ரோலன்டா என்ற பெண் வந்தாள். கிரௌன்பாயிண்டில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவளுடைய அம்மா தனியாக ஆடு மேய்க்கிறவர். வசந்தத்தில் ஆடுகள் போட்ட குட்டிகளைக் கயோட்டிகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தன.

"இந்த இலையுதிர் காலத்துக்குள்ள ஒரு காவல் நாய் நிக்கலைன்னா அம்மா எல்லா ஆட்டையும் வித்துடும்" என்றாள். "ஆடு போச்சுன்னா அம்மா எதுக்கு எழுந்திருக்கும்னு எனக்குத் தெரியலை."

பேச்சு இங்கே நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் எங்கள் ஜனத்தில் குலம் சொல்லிக்கொள்ளாமல் பேச்சு முடியுமா? நீர்க்கரைக் குலம் என்றாள். நாங்களும் நீர்க்கரைதான். அந்த நிமிஷமே அவள் டெல்ஃபினுக்குத் தங்கை, எனக்கு மகள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். டெல்ஃபின் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த குட்டியையே எடுத்துக் கொடுத்தாள். நெஞ்சில் வெள்ளைத் திட்டு, அகலமான பாதம்.

கெட்டது அங்கேதான். முன்பின் தெரியாதவனிடம் முகத்துக்கு நேரே கட்டளை போடுகிற டெல்ஃபின், தங்கை என்றானதும் வாயை மூடிக்கொண்டாள். கூடப் பிறந்தவளுக்குப் பாடம் நடத்துவதா என்று கூச்சம். "உனக்குத் தெரியாததா" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ரோலன்டாவோ, அக்கா கொடுத்த குட்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தை முழுவதும் சுற்றினாள். பச்சை மிளகாய் வைத்த ஆட்டுக்கறி ரொட்டி வாங்கினாள். தின்பதற்கு இரண்டு கையும் வேண்டுமே, குட்டியைக் கீழே விட்டாள். அது கடை வாசலில் சிந்திக் கிடந்ததையெல்லாம் நக்கியது. பக்கத்தில் எலும்பும் தோலுமாக இன்னொரு நாய்.

"ரோலன்டா, அதைத் தூக்கு" என்று நான் கத்தினேன்.

"ஒரு நிமிஷம்தானே, பெரியம்மா."

டெல்ஃபினும் வண்டி மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"போய்ச் சொல்லுடி."

"சொன்னா தப்பா எடுத்துப்பா. பாருங்க, அவளே தூக்கிட்டா."

அடுத்த சனிக்கிழமை ரோலன்டா திரும்பி வந்தாள். துண்டில் சுற்றிய குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, சந்தையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நடந்து, நேராக எங்கள் வண்டிக்கு. அவள் வருவதற்கு முன்னால் நாற்றம் வந்துவிட்டது. ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

டெல்ஃபின் வண்டியிலிருந்து குதித்து, மீதிக் குட்டிகளுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாள்.

"அங்கேயே நில்லு. கிட்ட வராதே."

"நீ கொடுத்த குட்டிதான் இது. அதுக்குள்ள கிட்ட வராதேங்கறியா?"

"என்ன பண்ணின அதை?"

"நான் என்ன பண்ணினேன்? பால் வச்சேன், கறி வச்சேன். வியாழக்கிழமையிலருந்து தின்னலை. சீக்குக் குட்டியை என் தலையில கட்டிட்டு என்ன பண்ணினேன்னு கேக்கற."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டணும்னு நீ சொன்னியா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் வெள்ளி நகைகளைத் துடைப்பதுபோல் காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

"கோளாறுன்னா திருப்பி எடுத்துப்பேன்னு ஊருக்கெல்லாம் சொல்றியாமே" என்றாள் ரோலன்டா. "எடுத்துக்கோ."

"எங்க எடுத்துட்டுப் போறது? வீட்டுல இன்னொரு நாய் ஈனப் போகுது. இதை அந்த மண்ணுல இறக்கினா அத்தனையும் போயிடும்."

"அப்போ ஊருக்குச் சொல்றது பொய். தங்கச்சின்னு கூப்பிட்டதும் பொய்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. குட்டி உயிரோட இருக்கு" என்றேன் நான். எனக்கு அத்தனை ஆத்திரம். நான் நாற்காலியை மடக்கின விதத்தைப் பார்த்தே இருவரும் அவரவர் வண்டியில் ஏறினார்கள்.

கேலப்பில் கால்நடை மருத்துவமனை சனிக்கிழமை மத்தியானம் வரைதான். டாக்டரம்மா நம்மவள், ஷிப்ராக் பக்கத்துப் பெண். எங்களைக் கட்டடத்துக்குள் விடவில்லை. வெளியே வண்டியிலேயே வைத்துப் பார்த்தாள். சின்னக் குச்சியால் சோதித்துவிட்டு, பார்வோதான் என்றாள். பிறகு இரண்டு கேள்வி கேட்டாள்.

"வாங்கினதுக்கு அப்புறம் வேற நாய் இருக்கற இடத்துல விட்டீங்களா?"

ரோலன்டா வண்டியின் டயரைப் பார்த்தாள்.

"முதல் ஊசி மருந்து, கடையிலருந்து போடற வரைக்கும் குளிர்ச்சியிலயே இருந்துச்சா?"

டெல்ஃபின் "ஐஸ் பெட்டியில வச்சிருந்தேன்" என்றாள்.

ஐஸ் பெட்டியில்தான் வைத்திருந்தாள். நான் கூடத்தான் இருந்தேன். மருந்து வாங்கிக்கொண்டு வருகிற வழியில் ஒருவருடைய வண்டி சேற்றில் மாட்டியிருந்தது. பார்த்துவிட்டு எப்படிப் போவது? சங்கிலி கட்டி இழுத்து, அது வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் ஐஸ் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர்தான். "இதைப் போடாதே" என்றேன். "இன்னொரு தடவை கேலப் போக இந்த வாரம் முடியாது பெரியம்மா, லேசாத்தானே சூடாயிருக்கு" என்று போட்டுவிட்டாள். அதை டாக்டரம்மாவிடம் சொல்லுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை. நான் சொன்னேன்.

டெல்ஃபின் முகம் கறுத்துப்போயிற்று. ரோலன்டா வாயைத் திறக்கப் போனாள். "நீ கறி ரொட்டி தின்ன கதையையும் சொல்லவா?" என்றேன். மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "சூடான மருந்து செத்த மருந்து, பாட்டி. போட்டும் போடாத கணக்குதான்" என்றாள். மற்றக் குட்டிகளுக்கு மறுபடி ஊசி போடச் சொன்னாள். இதற்கு உப்புத் தண்ணீர்ப் பை கொடுத்து, தோலை இழுத்துப் பிடித்து முதுகில் எப்படி ஏற்றுவது என்று காட்டினாள். பிழைத்தாலும் பிழைக்கும், போனாலும் போகும். யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றாள்.

யார்? டெல்ஃபின் தொடக் கூடாது. ரோலன்டாவுக்கு வேலை, அவள் அம்மா வீட்டிலோ காவலுக்கு ஆகாத கிழட்டு நாய்கள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? குட்டியை இங்க கொடுங்க" என்றேன்.

நாயை வீட்டுக்குள் விடும் வழக்கம் எங்களிடம் இல்லை. என் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, யாரோ கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட வீட்டின் சிமெண்ட் தளம் ஒன்று கிடக்கிறது. அதில் பிக்கப் வண்டியின் பழைய மேல்மூடியைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் குட்டியைப் போட்டேன். சிமெண்ட் என்றால் பிளீச்சிங் ஊற்றிக் கழுவலாம். மண்ணை எதால் கழுவுவது?

டெல்ஃபின் என் தண்ணீர்ப் பீப்பாய்களை நிரப்பிக் கொண்டுவந்து சாலைத் திருப்பத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். "அந்தச் செருப்போட என் பட்டிப் பக்கம் வந்துடாதீங்க" என்று வண்டிக்குள்ளிருந்தே சொன்னாள். ரோலன்டா வேலை முடிந்ததும் கோழி ரசம் கொண்டுவருவாள், தண்ணீர்ப் பை கொண்டுவருவாள். ஒருத்தி வந்து போன பிறகுதான் மற்றவள் வருவாள். ஒருத்தியைப் பற்றி மற்றவள் என்னிடம் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் குட்டிக்கு ஊசி குத்தினேன்.

"அவ சந்தையில விட்டதுனாலதான், பெரியம்மா."

"அவ செத்த மருந்தைப் போட்டதுனாலதான், பெரியம்மா."

"ரெண்டும்தான்" என்று சொன்னால் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

குட்டி பிழைத்தது. ஒரு காலையில் எழுந்து நின்று, ஆடி, விழுந்து, மறுபடி எழுந்து, என் பாவாடை நுனியைக் கடித்தது. எனக்கு அழுகை வந்தது. ஊரே சிரித்தாலும் சரி.

தெம்பு வந்து, மற்ற ஊசிகளும் போட்ட பிறகு ரோலன்டா அதைத் தன் அம்மாவிடம் கொண்டுபோனாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நாளிலேயே அவள் வண்டி மறுபடி என் வாசலில் நின்றது. முன் இருக்கையில் குட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இது நாய் இல்லை, பெரியம்மா. பேரப்பிள்ளை."

பட்டியில் விட்டால் வேலி தாண்டி வந்து அம்மாவின் கதவைச் சுரண்டுகிறதாம். அம்மா உட்கார்ந்தால் அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறதாம். அது கதவோரம் தூங்கிக்கொண்டிருந்தபோதே கயோட்டி வந்து இன்னும் ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போய்விட்டது. ஆடு வாங்குகிற ஆளுக்கு அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மாதக் கடைசியில் வருவானாம்.

அன்று டெல்ஃபினும் வந்தாள். நடுவில் நான் இருக்க, அவர்கள் நேருக்கு நேர் நின்றது அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான்.

"தடவாதீங்கன்னு சொன்னேன்ல, பெரியம்மா" என்று டெல்ஃபின் என்னிடம் ஆரம்பித்தாள்.

"முதுகுல ஊசி குத்திட்டுத் தடவாம என்ன பண்றது? உன் மாதிரி வண்டியிலருந்து பாத்துட்டுப் போகச் சொல்றியா?" என்றேன். அதை மறுபடி செய்யச் சொன்னாலும் அப்படியேதான் செய்வேன்.

"உன் இன்னொரு நாய் குட்டி போட்டிருக்காமே" என்றாள் ரோலன்டா. "அதுல ஒண்ணு கொடு. இந்தத் தடவை தரையில விட மாட்டேன்."

"மாட்டேன். மூணு ஊசியும் முடியாம இனிமே ஒரு குட்டியையும் அனுப்பறதா இல்லை."

"அதுக்குள்ள பனி விழுந்துடும். அது வரைக்கும் உன் ஆட்டோட வளந்த நாய் எங்க ஆட்டைக் காக்குமா?"

"காக்காது. விருந்தாளி மாதிரி பாக்கும்."

"முன்னாடியே கொடுத்தா?"

"சாகும்."

இதுதான் டெல்ஃபினை அரித்துக்கொண்டிருந்தது. பஸ் ஓட்டும்போதும் இதேதான் ஓடுகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சின்னதில் அனுப்பினால் நோய், பெரிதான பின் அனுப்பினால் உதவாத நாய். சரியாக வளர்க்கிறவளும் சரியாக வாங்குகிறவளும் சேர்ந்தாலும் நடுவில் அந்தச் சில வாரம் ஓட்டையாக நிற்கிறது. அதை யார் அடைப்பது?

ரோலன்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்போ என்ன, எங்க ஆட்டைக் கொண்டுவந்து உன் பட்டியில கட்டிட்டுப் போகவா?" என்று குத்தலாகக் கேட்டாள்.

டெல்ஃபின் அவளையே பார்த்தாள். பிறகு, "கொண்டா" என்றாள்.

"என்ன?"

"ரெண்டு கொண்டா. குட்டி அதுங்களோடவே தூங்கட்டும். ஊசி முடிஞ்சதும் மூணையும் சேத்து ஏத்திட்டுப் போ. உங்க பட்டியில இறங்கறப்போ அது தன் ஆளுங்களோட இறங்கும்."

"அதுவரைக்கும் அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"ஆட்டைக் கொஞ்ச நாள் விக்காதேன்னு சொல்லு. நான் பஸ் விட்டதும் என் பெரிய நாயைக் கூட்டிட்டு வரேன். அது உங்க ஆட்டை மதிக்காது, ஆனா கயோட்டியைக் கண்டா சும்மா இருக்காது."

'பேரப்பிள்ளை' என் வாசலிலேயே தங்கிவிட்டது. டெல்ஃபினின் பெரிய நாய் அங்கே போன முதல் வாரமே மூன்று முறை வேலியைத் தாண்டி ஓடியது. டெல்ஃபின் பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பிடித்துக்கொண்டு வந்து மறுபடி கட்டினாள். ரோலன்டாவின் அம்மா, ஆடு வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்பினார், முணுமுணுத்துக்கொண்டேதான். "நாய் வாங்கப் போனவ ரெண்டு வெள்ளாட்டுக்குட்டியை விட்டுட்டு வந்திருக்கா. அடுத்த தடவை என்னையே கொண்டுபோய் விட்டுடுவா" என்று கண்ட கண்ட ஆளிடமெல்லாம் சொன்னார்.

அந்த வெள்ளாட்டுக்குட்டிகள் டெல்ஃபினின் பஸ் கையுறையைத் தின்றன. தார்ப்பாய் நுனியைத் தின்றன. ஒன்று பிளீச்சிங் தொட்டியில் கால் விட்டு அவளுக்குப் பாதிப் பொழுது கெட்டது. ஒவ்வோர் ஊசிக்கும் ரோலன்டாவே வர வேண்டும் என்று டெல்ஃபின் சொல்லிவிட்டாள். மருந்தை அவள்தான் ஐஸோடு கொண்டுவர வேண்டும், கேட்டில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஐஸ் கரைந்திருந்தால் மருந்தைக் குழியில் போட்டுவிட்டு இருவருமாக மறுபடி கேலப் போவார்கள். ஒரு தடவை அப்படியும் நடந்தது. போகிற வழி முழுக்கப் பேசிக்கொள்ளவில்லையாம். வரும்போது பேசினார்களாம்.

சந்தையிலும் அதே சட்டம் போட்டாள். இரண்டு ஆடு கொண்டுவந்து விட்டால்தான் குட்டி. ஜனம் சிரித்தது.

"நாயை வாங்கறதா, ஆட்டை அடகு வைக்கறதா?"

"உன் நாய் படிச்சு முடிக்கற வரைக்கும் ஆட்டுக்கு விடுதியா, டெல்ஃபின்?"

பக்கத்து வரிசையில் அட்டைப் பெட்டியில் குட்டி வைத்திருந்த ஆளிடம் போய், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். எத்தனை பிழைத்ததோ. அன்று காலையில் ஏற்றிக்கொண்டு போன குட்டிகளையே சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தோம். அடுத்த வாரமும் அப்படியே. எனக்குத்தான் வாய் ஓயவில்லை. டெல்ஃபின் வண்டியை ஓட்டினாள். தீனிக்குப் பஸ் சம்பளம் போதவில்லை என்று எனக்குத் தெரியும். சட்டத்தை மாற்றச் சொல்லி நானும் சொல்லவில்லை.

முதல் பனி விழுந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுக் குட்டியையும் இரண்டு வெள்ளாடுகளையும் இழுவை வண்டியில் ஏற்றினோம். இப்போது அது குட்டி இல்லை, என் முழங்காலுக்கு வந்துவிட்டது. ரோலன்டா தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

"தொடாதே" என்றாள் டெல்ஃபின்.

"ஒரே ஒரு தடவை."

"ஒரே ஒரு நிமிஷம்னு சந்தையில சொன்ன. தொடாதே. டாக்டர்கிட்ட எப்போ காட்டணும், சொல்லு."

ரோலன்டா சொன்னாள். வேறு நாய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டெல்ஃபின் கேட்டாள், அதையும் சொன்னாள். தின்னாமல் கிடந்தால் யாருக்கு முதலில் சொல்வது என்று டெல்ஃபின் கேட்டாள். "உனக்குத்தான். தங்கச்சியா வரணுமா, வாங்கினவளா வரணுமா?" என்று ரோலன்டா திருப்பிக் கேட்டாள்.

"வாங்கினவளா வா. தங்கச்சியா வந்தா நான் வாயை மூடிப்பேன்" என்றாள் டெல்ஃபின்.

கிரௌன்பாயிண்டில் ரோலன்டாவின் அம்மா, போர்வையைப் போர்த்திக்கொண்டு பட்டி வாசலில் நின்றிருந்தார். வெள்ளாடுகள் முதலில் குதித்தன, பழைய கூட்டத்தைக் கண்டு கத்திக்கொண்டு ஓடின. நாய் அவற்றின் பின்னாலேயே போயிற்று. ஆடுகள் ஒதுங்கின, முகர்ந்தன, ஒரு கிழட்டுக் கிடா முட்டித் தள்ளியது. நாய் நகர்ந்து அந்த இரண்டு வெள்ளாடுகளுக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என்னை ஒரு தடவைகூடப் பாக்கலையே இந்த நாய்" என்றார் ரோலன்டாவின் அம்மா, உண்மையாகவே மனத்தாங்கலோடு. "கூப்பிட்டாலும் வராதா?"

"வராதும்மா" என்றாள் டெல்ஃபின். "வந்தாத்தான் கோளாறு. உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்க, நான் வந்து பாக்கறேன்."